யாரை எடுக்கலாம்?

பூவரசனை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் கடலூர் துறைமுகத்தில் யாரும் கிடையாது. போட் இன்ஜின் மெக்கானிக். இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவான். டீயை நின்றபடி குடிப்பான். சோற்றுத் தட்டோடு தெருவில் நடக்கிறான் என்று அவன் அக்கா ஜோதிலட்சுமி சொல்வாள். அது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் ஃபுட்பால் நடக்கும்போது அவன் கால் ஒரு இடத்தில் நிற்காது, அது நிஜம். நாற்பத்தேழு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

அக்கா மகன் அஜய் கெடிலம் எஃப்.சி.க்கு ஆடுகிறான். கரையோர ஊர்களுக்கென்று ஆறு டீமோடு ஆரம்பித்த லீக்கில் அதுதான் கடலூர் டீம். முதல் வருஷம் டிக்கெட் வாங்கினாய், போனாய், தொண்டை கிழியக் கத்தினாய், வந்தாய். இரண்டாம் வருஷம் போனில் ஆப் வந்தது. மூன்றாம் வருஷம், அதாவது இந்த வருஷம், ஆட்டத்துக்குள்ளேயே ரசிகனைக் கை வைக்க விட்டுவிட்டார்கள். அதற்கு 'ரசிகர் நிமிஷம்' என்று பேர். அறுபதாவது நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தி போனில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஜனம் எந்தப் பேரை ஜாஸ்தி அமுக்குகிறதோ அதன்படி கோச் நடக்க வேண்டும். வீட்டில் மீன் அரிகிறவளுக்கும் மைதானத்தில் வெயில் காய்கிறவனுக்கும் ஒரே ஓட்டு.

போன மாசம் ஒத்திகைக்காக 'சிறந்த வீரர் யார்?' என்று கேட்டார்கள். பதிலுக்கு இருபது விநாடி. கடலூர் சிங்காரத்தோப்புக் குப்பத்து ஜனம் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே இருபது விநாடி ஓடிவிட்டது. பரங்கிப்பேட்டை டீம்காரன் ஜெயித்துவிட்டான். பூவரசனுக்கு வயிறு எரிந்தது. குப்பம் குப்பமாகப் போய் எல்லார் போனிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு ஒன்றும் போட்டான்: "கேள்விய படிக்காத. யோசிக்காத. அஜய் பேரு தெரிஞ்சா பட்டுனு அமுக்கு. அவ்ளோதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில். சென்னையில் உள்ள பெரிய கிளப் ஒன்றிலிருந்து தில்லைநாதன் என்று ஒருவர் அஜயைப் பார்க்க வருகிறார் என்று சேதி. அவர் சரி என்றால் அஜய் அடுத்த வருஷம் அங்கே. இல்லையென்றால் அஜய்க்கு ஆட்டம் போதும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகட்டும் என்று ஜோதிலட்சுமி பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டாள்.

"இந்த ஒரு ஆட்டந்தான் தம்பி" என்றாள் வேன் கிளம்பும்போது. "அதுக்கு மேல நீ பேசக் கூடாது."

"அவன் இன்னிக்கி ஆடுற ஆட்டத்துல நீயே பாஸ்போர்ட்ட கிழிச்சிப் போடுவ, பாரு" என்றான் பூவரசன். சிதம்பரம் வரைக்கும் வேன் படியில் நின்றுகொண்டே வந்தான்.

கடலூர் ஜனத்துக்கு ஒதுக்கிய கேலரியில் அறுநூறு பேர் இருக்கும். பூவரசன் முதல் பாதி முழுக்கக் கேலரியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான். "மச்சான், நீ நடக்குற நடைக்கு நேரா போயிருந்தா இந்நேரம் சீர்காழி போயி சேர்ந்திருப்ப" என்றான் தப்பு அடிக்கிற வைத்திலிங்கம். அஜய் அன்றைக்கு நன்றாக ஆடினான். இரண்டு தடவை மூன்று பேரைத் தாண்டிப் போனான், ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்த தில்லைநாதன் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டே இருந்தார்.

அறுபதாவது நிமிஷம். போன் அதிர்ந்தது. மூன்று பேர்கள், நடுவில் அஜய். பூவரசன் பட்டென்று அமுக்கினான். கேலரி முழுக்க அமுக்கியது.

மைதான ஓரத்தில் பலகை உயர்ந்தது. சிவப்பு எழுத்தில் பதினொன்று. அஜயின் நம்பர்.

அஜய்க்கு முதலில் புரியவில்லை. கோச் கையைக் காட்டினார். அஜய் கேலரியை ஒரு பார்வை பார்த்தான். பெற்றவள் கதவைச் சாத்தினால் பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை. பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

பூவரசன் போன் அடித்தது. துறைமுகத்தில் மீன் விற்கிற மங்கம்மா.

"ஏன்டா பூவரசா, இன்னாடா அநியாயம் இது? நாங்க அத்தினி பேரும் அஜயத்தானடா எடுத்தோம்? அவன வெளிய அனுப்பறாங்களே, எவன்டா திருட்டுத்தனம் பண்றது?"

பூவரசன் போனைப் பார்த்தான். கேள்வி இன்னும் திரையில் இருந்தது. அதை முதல் தடவையாக எழுத்துக் கூட்டினான். யா ரை எ டு க் க லா ம்.

"சரியாத்தானடா கேட்டுருக்கான், வைத்தி? யார எடுக்கலாம்? அஜய எடுக்கலாம்."

வைத்திலிங்கம் தப்பைக் கீழே வைத்தான். "மச்சான்... எடுக்கறதுன்னா, வெளிய எடுக்கறது."

பூவரசன் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டிக் கீழே ஓடினான். அங்கே மேஜை போட்டு ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் செம்மண்டலத்துப் பெண் மோனிகா, கெடிலம் எஃப்.சி.யில் வேலை.

"இந்தக் கேள்விய எழுதுனது யாரு?"

"நான்தாங்க அண்ணா. ஏன்?"

"எடுக்கலாம்னா இன்னா அர்த்தம்?"

"ஆட்டத்துல இருந்து எடுக்கறது. ஒரு ஆள எடுத்துட்டு இன்னொரு ஆள போடறது."

"போலீசுல ஆள் எடுக்கறாங்கன்னு சொல்றமே, அப்ப போலீசுகாரன வெளிய தள்ளுறாங்கன்னா அர்த்தம்? அஜய டீமுக்கு எடுத்தாங்கன்னு பேப்பருல போட்டானே, அது இன்னா?"

மோனிகா திரையிலிருந்த கேள்வியை மறுபடி படித்தாள். "ஐயோ" என்றாள்.

"மாத்து."

"முடியாதுண்ணா. ஓட்டு பதிவாயிடிச்சி. நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. அஜய் கணக்குல ஏறிடிச்சி, எல்லா கிளப்புக்கும் தெரியும்."

அவள் பார்வை போன பக்கம் பூவரசனும் பார்த்தான். தில்லைநாதன் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பூவரசன் குறுக்கே போய் நின்றான். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினான். படிக்காதே என்று தான் சொன்னதையும் மறைக்கவில்லை.

தில்லைநாதன் பொறுமையாகக் கேட்டார். "பையன் நல்லா ஆடுறான். ஆனா இப்பல்லாம் எங்க கிளப்புல கால மட்டும் பாக்கறதில்ல. ஜனம் அவனுக்காக வருமான்னும் பாக்கறாங்க. சொந்த ஊரே வெளிய போன்னு அமுக்கியிருக்கு. நீ அவனுக்கு மாமா, நீ வேற என்ன சொல்லுவ?"

"ஊரையே கேளுங்க சார்!" பூவரசன் மோனிகாவின் மேஜையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். "எல்லாரும் கேளுங்க! அஜய எடுக்கணும்னு அமுக்குனவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க!"

அறுநூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

தில்லைநாதன் புருவத்தை உயர்த்தினார். பூவரசன் தலையில் அடித்துக்கொண்டான். பதற்றத்தில் அதே வார்த்தை அதே வாயில் வந்து விழுந்திருந்தது.

"ஏய், இல்ல இல்ல! அந்த எடுக்கறது இல்ல! அவன் உள்ள இருக்கணும், கடைசி வரைக்கும் ஆடணும்னு அமுக்குனவங்க... உக்காருங்க! அவன் வெளிய போகணும்னு நெனச்சவன் மட்டும் நில்லு!"

பலகைகள் கிறீச்சிட அறுநூறு பேரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சில் அஜய் தலைத்துண்டை இறக்கினான்.

தில்லைநாதன் கேலரியை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். பிறகு பூவரசனைப் பார்த்தார்.

"ஒருத்தர் நிக்கிறாரே."

"மச்சான்!" என்று மேலேயிருந்து வைத்திலிங்கம் கத்தினான். "நீதான்யா நிக்கிற!"

பூவரசன் சுற்றிலும் பார்த்தான். நாற்காலி எதுவும் இல்லை. அப்படியே புல்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

தில்லைநாதன் சிரித்துவிட்டார். "அந்த ஓட்டு நம்பர என்னால அழிக்க முடியாது. பக்கத்துல ஒரு வரி எழுதலாம், எழுதறேன். வர்ற வியாழக்கிழமை பையன ட்ரயலுக்கு அனுப்பு. அங்க எடுப்பாங்களான்னு..." என்று இழுத்தவர், "சேத்துக்குவாங்களான்னு அவன் ஆட்டந்தான் சொல்லணும்" என்று முடித்தார்.

ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பூவரசன் எழவில்லை. எழுந்தால் யாராவது ஓட்டு என்று எண்ணிவிடுவார்களோ என்று பயம். முட்டி இரண்டும் மட்டும் இன்ஜின் போல உதறிக்கொண்டிருந்தன.

பெஞ்சிலிருந்து அஜய் அவனையே உற்றுப் பார்த்தான். பிறகு கவலையோடு கத்தினான்:

"மாமா! உடம்பு கிடம்பு சரியில்லியா?"