ஜெஸீமா ராத்தாவின் ‘பழுது’

செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வந்தது. பத்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜனாஸா அறிவித்தல் என்றதும் அவர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், சவூதியில் இருக்கும் இன்னாரின் சகோதரியும், இன்னாரின் தாயாருமான என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவருடைய பெயர் கடைசியில் வந்தது. அந்த நேரம் பார்த்து வீதியில் ஓர் உழவு இயந்திரம் போனது. பெயர் கேட்கவில்லை. கணவரின் பெயரை வைத்துத்தான் இறந்தது எனக்கு அக்கா மாதிரி இருந்த ஜெஸீமா ராத்தா என்று நான் விளங்கிக்கொண்டேன்.

ஓர் உயிர் போன செய்தியிலும் அந்த உயிரின் பெயருக்குக் கடைசி இடம். இதை எழுதும்போதும் எனக்கு அழுகையோடு ஆத்திரமும் வருகிறது.

அன்று பின்னேரம் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் இரங்கல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. பெரும்பாலானவை ஒருவர் எழுதியதை மற்றவர் பிரதிபண்ணிப் போட்டவை. அதிபர் ஒரு படம் போட்டார். அதில் ராத்தா ஒரு டெப்லட் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மூன்று ஆண்களுக்கு நடுவில் நிற்கிறார். பாடசாலை நலன்புரிச் சங்கத்தின் சேவைக்கு இது சாட்சி என்று கீழே எழுதியிருந்தது. அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அவருடைய நற்குணங்களை அடுக்கினால் அவரே சிரிப்பார்.

அவர் தமிழ் படிப்பித்தார். நான் அதே பாடசாலைக்குக் கணினி படிப்பிக்க வந்த புதிதில், ஓர் ஆசிரியர் கூட்டத்தில்தான் அவரைக் கவனித்தேன். அதிபர் ஒழுக்கம் பற்றி நீண்ட நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். ராத்தா மடியில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தார். ஒளிக்கவும் இல்லை.

“ஜெஸீமா டீச்சர், அது என்ன, சிலபஸ்ல வாறதா?” என்று அதிபர் கேட்டார்.

“இல்ல சேர். வந்திருந்தா வாசிச்சிருக்க மாட்டன்.”

“இஞ்ச கூட்டம் நடக்குது டீச்சர்.”

“விளங்குது சேர். இந்தப் பக்கம் முடியட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். ராத்தா உண்மையாகவே அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு எழுந்து, “ஒழுக்கம் சரி சேர். மறுகா, புள்ளைகள்ட டொய்லட்டுக்குக் கதவு எப்ப வரும்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ‘பக்கம் முடியட்டும்’ என்பது பாடசாலையில் அவரைக் கேலி பண்ணும் வாசகமாகவே ஆகிவிட்டது. எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. ஒரு பெண் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அங்கே எல்லாரும் அதை ‘மெசின்’ என்பார்கள். இடது கையில் ஊசிகள் ஏறியிருக்கும், அந்தக் கையை அசைக்க முடியாது. வலது கையால் தடித்த புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும், தாளைப் புரட்டவும் வேண்டும். மின்விசிறி வேறு. அவர் உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் தாள்களைக் கவ்வ வைத்து வாசிப்பார். கிளிப் நழுவினால் புத்தகம் முகத்தில் விழும். கைப்பேசியில் வாசிக்கலாமே என்றால், அது வெளியே நடையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கணவர் ஹனீபா காக்காவின் கையில் இருக்கும். வீட்டிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும், பதில் சொல்ல ஆள் வேண்டும்.

பாடசாலை விட்டதும் நான் துணைக்குப் போய் நிற்பேன். ஒருநாள், “சரியான கஷ்டம் என்ன ராத்தா” என்றேன்.

“கஷ்டந்தான். ஆனா புள்ள, மெசின்ல இரிக்கக்குள்ள என்னை ஒருத்தரும் கூப்பிட ஏலாது” என்றார்.

நான் அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

நலன்புரிச் சங்கம் அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க முடிவு செய்தபோது அவரே என்னிடம் கேட்டார். “நீதானே கம்பியூட்டர் டீச்சர், சொல்லு. வாசிக்கிறதுக்கு எது நல்லம்? டெப்பா, மற்றதா?” மற்றது என்று அவர் சொன்னது ஈ-ரீடரை. கட்டாரில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் அப்படி ஒரு கருவி இருப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

நான் டெப்பைத்தான் சொன்னேன். காரணங்களும் சரியானவை. தமிழ்ப் புத்தகங்களில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பண்ணிய பக்கங்கள். டெப்பின் பெரிய திரையில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஈ-ரீடரின் சின்னத் திரையில் அவை எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளை. பக்கம் மாற ஒரு கணம் எடுக்கும். சிலவற்றில் தமிழ் எழுத்து உடைந்து தெரியும். கையில் பாரமில்லை, கண் கூசாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் நிற்கும் என்பவை மட்டுந்தான் அதற்குச் சாதகம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார். “அதுல வட்ஸ்அப் வருமா?”

“வராது.”

“யூரியூப்?”

“இல்ல.”

“கிரிக்கெட்? கேம்?”

“ஒண்டும் வராது ராத்தா. எழுத்து மட்டுந்தான்.”

“அப்ப அதைத்தான் எடு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விரல் மடக்கிச் சொன்னார். டெப் வீட்டுக்குள் வந்தால் காலையில் மூத்த மகளின் உயர்தர வகுப்பு. பகலில் சின்னவனின் கேம். பின்னேரம் சவூதியிலிருந்து தம்பியின் வீடியோ அழைப்பு. இரவில் ஹனீபா காக்காவின் கிரிக்கெட். “ஆரும் களவெடுக்கப் போறதில்ல. ஆசையாக் கேப்பாங்க, நானும் குடுப்பன். நல்ல சாமான் எதுவும் என்ட கையில ஒரு கிழமை நிண்டதில்ல. ஒருத்தருக்கும் தேவைப்படாத சாமான் எண்டாத்தான் அது என்டயா இரிக்கும்.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் வாப்பாமார் வீடு கட்டத் தொடங்குவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். என் வாப்பாவும் எனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நம் பெண்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள்தான். நான் அதைச் சொன்னதும் ராத்தா சொன்னார்: “ஓம், வீட்டு உறுதிப் பத்திரத்தில என்ட பேர்தான். உள்ளுக்குக் குந்துறதுக்கு ஒரு கதிரை என்டயில்ல.”

இதை நான் நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஈ-ரீடர் வாங்குவோம், அவர் கேட்டதே அதுதான் என்றேன். அதிபர் அதன் படத்தை என் கைப்பேசியில் பார்த்து முகத்தைச் சுளித்தார். “இது என்ன, கல்குலேட்டர் மாதிரி. குடுக்கிற எங்களுக்கும் ஒரு மரியாதை வேணும். டெப் எண்டா குடும்பத்துக்கே பிரயோசனம்.” ஒருவரும் மறுக்கவில்லை. நோயாளிக்குக் கொடுப்பது குடும்பத்துக்குப் பிரயோசனப்பட வேண்டும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றியது. நோயாளி ஓர் ஆணாக இருந்திருந்தால் தோன்றியிருக்குமா என்று கேட்டேன். “இவ ஒரு அவசரக்காரி” என்று சிரித்தார்கள்.

காலைக்கூட்டத்தில் பேனர் கட்டி டெப்பைக் கொடுத்தார்கள். அந்தப் படம்தான் அது. ராத்தா எல்லாருக்கும் நன்றி சொன்னார். அடுத்த தடவை மெசினுக்கு வந்தபோது மடியில் பழைய புத்தகமும் கிளிப்பும் இருந்தன.

“டெப் எங்க ராத்தா?”

“கிளாசுக்குப் போயிரிக்கி” என்றார். அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் மூலம், ஏற்கனவே யாரோ பாவித்த ஈ-ரீடர் ஒன்றை எடுப்பித்தேன். சாம்பல் நிறம், ஒரு மூலை தேய்ந்திருந்தது. தமிழ் எழுத்து உடையாமல் வருவதற்கு நான் பட்ட பாட்டை விடுகிறேன். ஒரு நீண்ட நாவலைப் பெரிய எழுத்தில் சரிசெய்து ஏற்றிக் கொடுத்தேன். முதல் நாள் வீட்டில் சின்ன மகன் அதை வாங்கித் திரையைத் தடவிப் பார்த்திருக்கிறான். படமும் இல்லை, சத்தமும் இல்லை.

“உம்மா, இது பழுதாப்போன டெப்பா?”

“ஓம் மகன். பழுது.”

அவன் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். இதை எனக்குச் சொல்லும்போது, மெசின் சத்தத்தையும் மீறி அவர் சிரித்தார். அன்றிலிருந்து அதன் பெயர் பழுது. “பழுதுக்குச் சார்ஜ் இரிக்கி.” “பழுதை எடுத்துத் தா புள்ள.” வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு சாமான் என்று ஒருநாள் சொன்னார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

பக்கத்து மெசினில் பாண்டிருப்பைச் சேர்ந்த சிவலிங்கம் என்ற மீனவர் இருந்தார். என்ன வாசிக்கிறீர்கள் என்று அவர் கேட்க, ராத்தா சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். ஒரு ரயில் நிலையத்தில் வேலை செய்யும் கூச்ச சுபாவக்காரன், தினமும் ரயிலேறும் ஒரு பெண்ணிடம் தன் மனதைச் சொல்லத் தவிக்கும் கதை அது. எதிர்ப்பக்கக் கட்டில்களும் கேட்கத் தொடங்கின.

“டீச்சர், அவன் இன்னும் அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லல்லியா?” என்பார் சிவலிங்கம்.

“இல்ல அண்ணன்.”

“எனக்கிட்ட வள்ளம் இருந்திருந்தா அவனை ஏத்திக் கொண்டுபோய் அவள்ட வீட்டடியில இறக்கியிருப்பன். கெதியாச் சொல்லச் சொல்லுங்க. அவன் சொல்றதுக்குள்ள நான் போயிருவன் போல.”

“நீங்க போகமாட்டீங்க அண்ணன். அவன் சொல்ற வரைக்கும் உங்களை நான் விடமாட்டன்.”

“வீட்டிலயும் வாசிக்கிறீங்களா ராத்தா?” என்று நான் அடிக்கடி கேட்பேன். “ஓம் புள்ள. எல்லாரும் படுத்த புறகு. முன்னுக்குப் போயிருவன், இஞ்ச வந்து இவங்களுக்காகத் திரும்பி வாறன்” என்பார். எனக்கு அது பெரிய நிம்மதி. ஒரு சின்ன அநியாயத்தையாவது வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெசின் இல்லாத ஒரு நாளில், வீட்டில், விடியற்காலையில் மூச்சடைத்து அவர் போய்விட்டார்.

நான் போனபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். அந்த டெப் ஜனாஸாவுக்கு அருகில் உயரத் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. சவூதியில் இருக்கும் தம்பி முகம் பார்க்க வேண்டும். அவர் அழுத சத்தம் அதிலிருந்து வந்தது. அது பிரயோசனம்தான், நான் மறுக்கவில்லை. ராத்தாவின் கையில் அது இருந்த படத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கருவி அவருக்காகச் செய்த ஒரே வேலை இதுதான் என்று தோன்றியது.

அடக்கத்துக்கு ஆண்கள் போன பிறகு, மூத்த மகள் சப்னா ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவந்தாள். உள்ளே கிளிப், ஒரு துவாய், பழுது. “வாப்பா இதை உங்களுக்கிட்டக் குடுக்கச் சொன்னாங்க டீச்சர். எங்களுக்கு இது பாவிக்கத் தெரியாது.”

“உம்மா ராவைக்கு வாசிக்கிறதுதானே. நீ கண்டிருப்பாய்.”

அவள் என்னைப் பார்த்தாள். “வீட்டில உம்மா இதை எடுத்து நான் காணவே இல்ல டீச்சர். வந்தா இந்தப் பேக் ஆணியில தொங்கும். மெசினுக்குப் போகக்குள்ளதான் கழட்டுறது.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “எங்க நேரம்? நாங்க கூப்பிட்டுக்கொண்டே இரிப்பம்.”

நான் பையை வாங்கிக்கொண்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளை அது, இனி வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவலிங்கத்துக்குச் செய்தி தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்டார்: “டீச்சர் கதையை எங்க விட்டவ தெரியுமா? மழை பெய்யுது. ரயில் வந்து நிக்குது. அவன் குடையைக் கையில வச்சிக்கிட்டு விரிக்காம நிக்கிறான்.”

பழுதைத் திறந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. ரயில் நின்றது. குடை விரிக்கப்படவில்லை. அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. முன்னுக்குப் போவதாகச் சொன்னதெல்லாம் நான் பட்ட பாட்டுக்காக எனக்குச் சொன்ன ஆறுதல். ஒருவருக்கும் தேவைப்படாத ஒரு கருவியை அவருக்குத் தேடிக் கொடுக்க எங்களால் முடிந்தது. ஒருவருக்கும் தேவைப்படாத ஒரு மணித்தியாலத்தை அவருடைய வீட்டில் ஒருவராலும் கொடுக்க முடியவில்லை. இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவும் நேரந்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு. மெசினில் ஒருத்தரும் கூப்பிட ஏலாது என்று அவர் சொன்னது நகைச்சுவை அல்ல.

விட்ட இடத்திலிருந்து நான் வாசித்தேன். என் குரல் அவருடையதைப் போல இல்லை என்று சிவலிங்கம் சொன்னார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

பழுது இப்போது என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பத்திரமாக நான் வைத்திருப்பது அவர் பாடசாலையில் சொல்ல முடிந்து, வீட்டில் சொல்ல முடியாமல் போன அந்த ஒரு வாசகத்தை. நேற்றுப் பின்னேரம் என் தம்பி முன் அறையிலிருந்து தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட்டான்.

“பக்கம் முடியட்டும்” என்றேன்.

உம்மா குசினியிலிருந்து எட்டிப்பார்த்தார். “நாளைக்கு மாப்பிள்ளை வந்து கூப்பிட்டாலும் இப்பிடித்தான் சொல்லுவியா?”

“ஓம் உம்மா.”

பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அதற்குள் தம்பி தானே போய் அடுப்பைப் பற்றவைத்திருந்தான்.