ஞாயிற்றுக்கிழமைச் சிரட்டை

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் மழைநீர் நிரம்பிக் கிடக்கும்போது அதைக் கவிழ்த்தால், காலில் சில்லென்று விழும். கூடவே அழுகிய இலையின் புளித்த வாடை எழும். மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தச் சில்லிப்புக்காகவே அடுத்த மரத்துக்கு ஓடிய ஓர் இடவப்பாதி மழைக்காலம் எனக்கு உண்டு.

எங்கள் ஊரான கொல்லயிலில் அந்த வருடம் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. ஆராதனையில் பாதிப்பேரால் முழங்காலிட முடியவில்லை. என் அப்பாவுக்குத் தேயிலை டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளரான அம்மா, ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடக்கும் ஓய்வுநாள் பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு "டிரை டே" நடத்துவாள். தண்ணீர் தேங்கும் எதையும் கவிழ்க்க வேண்டும். அதிகம் கவிழ்த்தவருக்கு ஆரஞ்சுச் சுளை போன்ற "நாரங்கா மிட்டாய்".

ஊரையே கவிழ்த்தும் கொசு குறையவில்லை. நடுவில் தங்கையன் மாமாவின் ரப்பர் தோட்டம் இருந்தது. மழையால் பால் "வெட்டு" நின்றுபோய், மரத்துக்கொரு சிரட்டை தண்ணீரும் புழுவுமாகத் தொங்கியது. சபைக் கமிட்டியில் பெரிய ஆளான மாமா வேலிக்குள் யாரையும் விடமாட்டார். அம்மா நடையாய் நடந்தாள். "கொசுவுக்கு வேலி உண்டா அண்ணே?" என்று அவள் கேட்ட பிறகுதான் சற்று இறங்கி வந்தார்.

"வாற ஞாயிறு வாருங்க. எனக்கு ஏதாவது நஷ்டம் வந்துதுன்னா பின்ன இந்தப் பக்கம் வரப்பிடாது, கேட்டியா?"

அந்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கே காய்ச்சல், வகுப்பு இல்லை. ஆராதனை முடிந்ததும் நேரே தோட்டத்துக்குப் பறந்தோம். மிட்டாய் ஆசையில் நான் மட்டும் தனியாக, மாமா வீட்டை ஒட்டிய வரிசையைப் பார்க்காமலே கவிழ்த்துத் தள்ளினேன். காலில் சில்லென்று எதுவும் விழவில்லை, பிசுபிசுத்தது. குனிந்தால் தரையெல்லாம் வெள்ளை, என் புது உடுப்பெல்லாம் ரப்பர் பால். இரண்டு நாள் வெயிலைக் கண்டதும் மாமா அந்த ஒரு வரிசையை மட்டும் விடியலில் ரகசியமாக வெட்டிவிட்டு, நாங்கள் வகுப்பு முடிந்து வருமுன் பால் எடுத்துவிடலாம் என்று ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுநாளில் கடை திறந்தவரைக் கமிட்டியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனிதர்!

பால்வாளியோடு அவர் வந்து நின்றபோது எனக்கு அழுகை முட்டியது. இனி எங்களை உள்ளே விடமாட்டார், அப்பாவின் விரலும் மடங்காது, எல்லாம் என்னால்தான். பின்னாலேயே வந்த அம்மா தரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா கத்த வாயெடுத்தார். கத்தினால் தோட்டத்தின் அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் அத்தனையும் ஓடிவரும். மெல்ல வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"இதுலயும் தண்ணி நிக்குமாக்கும்" என்றார்.

"அப்போ அடுத்த ஞாயிறும் வரட்டா அண்ணே?"

"வாருங்க. நானும் வாறேன்."

சொன்னபடியே வந்தார். எங்களுக்கு எட்டாத சிரட்டைகளை அவரே கவிழ்த்தார். மழை ஓய்வதற்குள் காய்ச்சல் அடங்கியது. அப்பா தேயிலை டம்ளரை ஒற்றைக்கையில் தூக்கிக் காட்டினார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மிட்டாய்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது. சிரட்டை போய் பிளாஸ்டிக் கப் வந்தாயிற்று. "டிரை டே" கைபேசியில் ஒரு செய்தியாக வந்து போகிறது, கூட்டமாக ஓடும் பிள்ளைகள் இல்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய மாமா ஆராதனை முடிந்து, வழியோரத்துப் பூச்சட்டித் தட்டுகளை ஊன்றுகோலால் கவிழ்த்தபடி போய்க்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழம வேல செய்யலாமா மாமா?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த உடுப்புல கறை போச்சா மக்கா?"