சாமுவேலின் பாட்டுக்கு ஏழு தட்டு

குறைந்துதான் போச்சு, டேவிட். "ஏழு தட்டு இந்தப் பொட்டில கெடையாது பெர்சு, நாலுல பாடுனா இன்னா கொறஞ்சிடும்?" என்று வேதக் கோயிலில் அத்தனை பேர் முன்னால் கேட்டாயே, அங்கே எனக்கு வாய் அடைத்துப் போனது. இந்தப் பயணக் குறிப்பில் யார் அடைப்பது? ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

மற்றவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் உத்திரமேரூர் பக்கம் போனது சாமுவேலுக்காக. செங்கல் சூளையில் பதினோரு வருஷம் ஒன்றாக மண் மிதித்தோம். லாரி மோதி அவனுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. அவன் செத்து ஒரு வருஷம். நினைவு ஆராதனைக்குக் கூப்பிட்ட அவன் பெண்சாதி எஸ்தர் போனில் கேட்டது ஒன்றுதான்: "அவுரு பாட்ட அவுரு பாடுன மாதிரியே பாடணும்ணா. வேற ஒண்ணும் வாணாம்."

அது பழைய கீர்த்தனை. தாளத்துக்குக் கையில் மூன்று தட்டு, உடனே நாலு தட்டு, ஆக ஏழு. "குட்டக் காலு மூணு, நெட்டக் காலு நாலு. என் நடைக்கின்னே போட்ட பாட்டுடா" என்பான் சாமுவேல். நொண்டிக்கொண்டே பாடி வருவான். ஒரு தட்டு பிசகாது.

காஞ்சிபுரத்தில் காலை 6.40க்குப் பேருந்து. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட்டுக்காக ஒரு அம்மாவிடம் இதய நோயாளி என்று பொய் சொன்னேன். 7.50க்கு உத்திரமேரூர். இட்லி, வடை, டீ நாற்பத்தைந்து. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய். கோயில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது.

ஆராதனை ஒன்பதரைக்கு. கீபோர்டுப் பெட்டியில் உட்கார்ந்தது செல்போன் ரிப்பேர் கடை டேவிட். எஸ்தர் பாட்டை எடுத்தாள். இவன் ஒரு பட்டனை அமுக்கினான். டக்கு டக்கு டக்கு டக்கு! வரி ஏழில் முடிகிறது, பெட்டியோ நாலு நாலாக எட்டு அடிக்கிறது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? மூன்றாம் தட்டில் வரும் எழுத்தை ஒரு தட்டு கூடுதலாக இழுத்து நிரப்பினார்கள். செத்தவனின் குட்டைக் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி நேராக நடக்கவிட்டார்கள்! இரண்டாவது வரியில் எஸ்தர் வாயை மூடிக்கொண்டாள். பாட்டுப் புத்தகத்தையும் மூடினாள்.

மெதுவாக நகர்ந்து போய்க் காலாலேயே பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி நிற்கவில்லை. உள்ளே பேட்டரியாம்! எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "ஏழுல அடி, இல்லாட்டி சும்மா கெட" என்றேன். அப்போதுதான் டேவிட் அந்தக் கேள்வியைக் கேட்டான். பாட்டு முழுசும் நாலிலேயே முடிந்தது. எஸ்தர் பாடவேயில்லை.

அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குக் கரைமேல் ஒரு கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, போகிறவர்கள் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பு நல்லதாக இருக்கட்டும். ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம். எஸ்தர் மட்டும் நகரவில்லை. கையைத் தட்டிப் பாட்டை எடுத்தாள். மூன்று. நாலு. நடவுக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு எல்லாரும். டேவிட்டும் தட்டிப் பார்த்தான். இரண்டாம் வரியிலேயே தொலைந்துபோய்க் கையைப் பையில் விட்டுக்கொண்டான். நான் அவனைப் பார்த்துக் கண்ணடித்தேன். ஆறு சரணம். ஒன்றையும் விடவில்லை.

இப்படிப்பட்ட ஊர்க் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முன்னால் உட்காராதீர்கள், பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவே உட்காராதீர்கள். பெண்கள் பக்கம் காதைக் கொடுங்கள், தாளம் அங்கேதான் இருக்கிறது. திரும்பக் கடைசி ஷேர் ஆட்டோ மூன்றரைக்கு.

எனக்குக் கோபம் ஆறவில்லை. கல்லறைத் தோட்டம் தாண்டியதுமே கரைமேல் எஸ்தரைப் பிடித்துக்கொண்டேன். "நீ வுடாத எஸ்தரு. கோயில் கமிட்டில எழுந்து கேளு. பொட்டி வாங்க யாரக் கேட்டீங்கன்னு கேளு."

"பாடியாச்சிண்ணா."

"அது இங்க. கோயில்ல பாடலியே!"

"அவுரு இங்கதான கீறாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ பிளக்கப் புடுங்குனதப் பாத்திருந்தா வுயுந்து வுயுந்து சிரிச்சிருப்பாரு. வா, வூட்ல சோறு ஆறிக்கினு கீது."

"சோறு கெடக்கட்டும்மா, இந்த ஏழு கீதே, இத நாலுல போட்டா இன்னா ஆவும்னா..." என்று விரலை மடக்கினேன். மூன்றாவது விரல் மடங்குவதற்குள் அவள் கரையிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.