ஏரியில் கேட்ட என் குரல்

இது நடந்தது. கதையென்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

விந்திய மலைக்குத் தெற்கே பேய்க்குப் பயப்படாத ஒரே மனிதன் நான். தற்பெருமை இல்லை, கணக்கெடுத்தால் தெரியும். பேய், பிசாசு, விடுதிச் சாம்பார் மூன்றையும் கல்லூரி மலரில் கிண்டல் செய்து எழுதி, அடியில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பவன். பெயர் போடாமல் எழுதுகிறவன் கோழை என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

1956, பொங்கல் விடுமுறை. என் வகுப்புத் தோழன் சத்தியநேசன் போடிநாயக்கனூர்க்காரன். ஏலக்காய்க் கடை வீட்டுப் பிள்ளை. மலைமேல் சோலைக்குள் ஓர் ஏரி இருக்கிறது, காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றான். அவன் அம்மா ஜெயபாக்கியம் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் தனியே அழைத்தார். மகன் வயதுப் பையன்கள் எல்லாருமே அவருக்கு ‘அப்பு’தான்.

“அவனுக்கு நீச்சல் தெரியாது அப்பு. தண்ணிக்குள்ள மட்டும் எறக்கிராத. ஒன்ன நம்பித்தான் விடுறேன்.”

“நான் இருக்கேன்மா” என்றேன், கப்பற்படைத் தளபதியைப் போல.

எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். ஓட்டுநர் சீனிச்சாமி ஏலத்தோட்டத்து எல்லையில் இறக்கிவிட்டார்.

“நாலு மணிக்குக் கெளம்பிருவேன், வெரசா வந்துருங்க. காட்டுக்குள்ள பேரு சொல்லிக் கூப்புடாதீக. ‘கூ’ன்னு கொரலு குடுங்க. இங்க எல்லாருமே அப்படித்தான்.”

“ஏண்ணே, யானைக்கு நம்ம பேரு தெரிஞ்சுருமா?”

“யானைக்குத் தெரிஞ்சாத்தான் பரவாயில்லையே.”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நானே சிரித்தேன்.

ஏலச்செடிகள் முடிந்து சோலை தொடங்கியது. ஈரம், அட்டை, காதைக் கிழிக்கும் சில்வண்டு. நான் வாயருகே கையைக் குவித்தேன்.

“சத்தியநேசா... வாடா மாப்ளே!” என்று கத்திவிட்டுச் சிரித்தேன். அவன் எனக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தான்.

“சும்மா வா மாப்ளே.”

எதிரே முழுசாக மலை நின்றது. ஆனால் எதிரொலி வரவில்லை. சில்வண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. மதிய உணவு இடைவேளை என்று விளக்கம் கொடுத்தேன்.

ஏரிக்கரை முழுதும் ஆளுயர மணல்மேடுகள். மலைமேல் மணலுக்கு என்ன சோலி? தெரியவில்லை. சாப்பிட்டோம். நான் ஒரு மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். மூடுபனி இறங்கத் தொடங்கியது.

சத்தியநேசன் மேடேறி வந்து எட்டிப் பார்த்தான்.

“எதுக்குடா கூப்ட்ட?”

“நான் கூப்பிடலையே.”

“தண்ணிப் பக்கத்துலருந்து கூப்ட்டியே...”

“புளிச்சோறு வேல செய்யுது. பையை எடு, கெளம்புவோம்.”

பையை எடுக்கத் திரும்பிப் போனான். பனி அவனை மூடியது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால்.

“சத்தியநேசா... வாடா மாப்ளே!”

ஏரியிலிருந்து வந்தது.

என் குரல்.

சோலையில் நான் இழுத்த அதே இழுப்பு. கடைசியில் அதே சிரிப்பு...

என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

“வர்றேன்டா...” என்றான் சத்தியநேசன்.

சளப்... சளப்...

மேட்டில் ஏறினேன். மணல் சரிந்தது. மறுபடி ஏறினேன். பனி கொஞ்சம் விலகியது. இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டி, உள்ளே நடந்துகொண்டிருந்தான்.

“சத்தியநேசா, நில்லுடா!”

நிற்கவில்லை. அவனுக்கு இப்போது இரண்டு நான். ஏரிக்குள் இருந்தவன் பக்கத்தில் இருந்தான்.

மார்பு.

கழுத்து...

அவனுக்கு நீச்சல் தெரியாது அப்பு.

மறுபடி பெயரைக் கூப்பிட வாய் திறந்தபோது சீனிச்சாமி சொன்னது உறைத்தது. பிறகு, எப்படியோ வந்தது.

“கூ...”

நின்றான்.

“கூ...”

திரும்பினான்.

பாய்ந்து போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். சோலை முழுக்க ஓடினோம். வழி பிரிந்த இடத்திலெல்லாம் ‘கூ’ மட்டும்.

நனைந்த சட்டைகளைப் பார்த்த சீனிச்சாமி வண்டியிலிருந்து இறங்கவில்லை.

“யாரு பேரு?”

“இவன் பேரு.”

“ஒங்க பேரு?”

யோசித்தேன். சத்தியநேசன் என்னை என்றைக்கும் மாப்ளே என்றுதான் கூப்பிடுவான். “இல்லண்ணே” என்றேன். அவர் பெருமூச்சு விட்டு வண்டியை எடுத்தார்.

சத்தியநேசன் நன்றாக இருக்கிறான். வாளித் தண்ணீரில் மட்டும் குளிக்கிறான்.

போன வாரம் சத்தியநேசன் வீட்டுக்குப் போயிருந்தபோது, லோடோடு போடிக்கு வந்த சீனிச்சாமியைப் பார்த்தேன்.

“வெறகுக்குப் போன பொம்பளைக ஏரிப் பக்கத்துலருந்து ஓடியாந்துட்டாளுக தம்பி. ஆம்பளக் கொரலாம். காலேஜுப் பிள்ள மாதிரிப் பேச்சாம். ஒங்க கொரல்தான்.”

“இன்னமும் அவனையா கூப்பிடுது?”

“இல்ல. கேள்வி கேக்குதாம்.”

“என்ன கேள்வி?”

“‘எம் பேரு என்ன... எம் பேரு என்ன...’ன்னு.”

மலர் ஆசிரியர் இந்தக் கட்டுரையை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலக் கொட்டை எழுத்துத்தானே என்றார்.

பெயரே வேண்டாம் என்றேன்.

வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு.