என் தூக்கத்துக்குக் காவலிருந்தவள்

என் மகளின் இடது மணிக்கட்டு ஒடிந்தபோது நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் விழுந்தது காலை பத்தரை மணிக்கு. நான் எழுந்தது மதியம் ஒன்றே முக்காலுக்கு. அத்தனை நேரமும் அவள் என்னை எழுப்பவில்லை. எழுப்பக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். கம்பெனி சேதராப்பட்டுப் பக்கம், வீடு ஒதியம்பட்டில். பைக்கில் அரை மணி நேரம். பிளாஸ்டிக்கை உருக்கும் மெஷினை நினைத்தபோதெல்லாம் அணைத்துப் போட முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருப்போம். அந்த வருடங்களில் ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் காலை ஷிப்ட், பிறகு மறுபடியும் நைட். என் மனைவி வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரை ஆகும் திரும்ப. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகள் வீட்டில் இருப்பாள். வீட்டில்தான் அப்பா இருக்கிறாரே என்ற தைரியத்தில் அவளை விட்டுவிட்டுப் போவாள் என் மனைவி.

அப்பா இருந்தார், உண்மைதான். தூங்கிக்கொண்டு இருந்தார்.

நைட் ஷிப்ட்டின் முதல் இரண்டு நாட்கள் எப்படியோ போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து கண் மூடியிருக்கும், உள்ளே யாரோ விழித்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் ஷீட் கூரை காய ஆரம்பித்துவிடும். மிக்ஸி சத்தம், கோழி சத்தம், தெருவில் யாரோ போனில் பேசும் சத்தம், எல்லாம் தலைக்குள்ளேயே நடப்பதுபோல இருக்கும். ஒரு நாள் காலை வேலை முடிந்து வரும்போது, பத்துக்கண்ணு என்ற ஊரைத் தாண்டி, டயருக்கடியில் ஜல்லி நெறிபடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பே வந்தது. பைக் ரோட்டை விட்டு இறங்கி வயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் தூங்கிக்கொண்டே ஓட்டினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பயந்துபோனாள். அன்றைக்கே ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டாள். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கினாள். மகளை உட்கார வைத்துச் சொன்னாள்: "அப்பா ஒழுங்கா தூங்கலன்னா வண்டியிலேருந்து வுழுந்துடுவாரு. சத்தம் போடக் கூடாது, எழுப்பக் கூடாது. புரிஞ்சுதா?"

அது வரைக்கும் சரி. குழந்தைதானே, இரண்டு நாள் கேட்டாள், மூன்றாம் நாள் மறந்தாள். மறக்கவே முடியாதபடி செய்தவன் நான்.

அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் கொஞ்சம் ஆழமாகத் தூக்கம் பிடித்திருந்தது. கன்னத்தில் ஒரு சின்னக் கை தட்டியது. "ப்பா, ப்பா, பல்லு வுழுந்துடுச்சு." கண்ணைத் திறப்பதற்கு முன்பே என் கை போய்விட்டது. ஓங்கி அறைந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வாயில் ரத்தத்தோடு நிற்கிறாள். நான் அடித்ததில் வந்த ரத்தம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். இல்லை, பல் விழுந்த ரத்தம். உள்ளங்கையில் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு, அழாமல், பின்னோக்கி நடந்தே வெளியே போனாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு நிமிடத்துக்குள் மறுபடியும் தூங்கிவிட்டேன். அறைந்ததைவிட எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருப்பது அதுதான்.

சாயங்காலம் கேட்டேன். "பல்லு எங்கடி?"

"கூரை மேல போட்டுட்டேன்," என்றாள். பிறகு, "மெதுவாத்தான் போட்டேன். சத்தம் வரல," என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தை எடுத்தால் ஓசை இருக்காது. நடந்தால் ஓசை இருக்காது. தெருவில் வியாபாரிகள் வந்தால் கேட்டுக்கு ஓடி, வாயில் விரலை வைத்து, "அப்பா தூங்குறாரு," என்று கெஞ்சுவாளாம். மீன்காரம்மா எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பாள் என்று மனைவி சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனி கேன்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: "எம் பொண்ணு இருந்தா வூட்டுல ஈ கூட பறக்காது." கேட்டவர்கள், கொடுத்து வைத்தவன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கை ஒடிந்தது ஒரு சனிக்கிழமை. நைட் ஷிப்ட்டின் ஐந்தாம் நாள். வெங்காய வண்டி ஒன்று சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு வரும், மேலே ஒலிபெருக்கி கட்டிய மினி வேன். அதன் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே இவள் எழுந்து ஓடியிருக்கிறாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் எழுந்து வந்தபோது சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை, அதன்மேல் கை, கையின்மேல் ஈரத்துணி. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். துணியை எடுத்தேன். மணிக்கட்டு பன்போல வீங்கி ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"வுழுந்துட்டேன்."

"எப்போ?"

"வெங்காய வண்டி வந்தப்போ."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பத்தரைக்கு வரும் வண்டி.

"ஏன்டி என்ன எழுப்பல?"

"நீ தூங்கினு இருந்த."

குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். கீழுதட்டில் பல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

பக்கத்துத் தெரு ஆட்டோவைக் கூப்பிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன். வழியில் மனைவிக்குப் போன் செய்தேன். "பாப்பா வுழுந்துட்டா. கையில அடி. இப்பதான், நான் எழுந்துக்கிற நேரத்துக்கு." யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. மடியில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எலும்பு டாக்டர் வயதானவர். வீக்கத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "எப்போ விழுந்தது?"

"இப்பதான் சார். ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

அவர் என்னைப் பார்க்காமல் அவளைக் கேட்டார். "நீ சொல்லும்மா. எப்போ விழுந்த?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இப்பதான்," என்றாள்.

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து, வீக்கம் இறங்கும் வரை பாதி மாவுக்கட்டு போதும், அடுத்த வாரம் முழுக்கட்டு போடலாம் என்றார். மனைவி கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்ல வேளை, நீங்க எழுந்திருந்தீங்க," என்றாள் என்னிடம். நான் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு மனைவிக்கு விடுமுறை, எனக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். நான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். வெங்காய வண்டிக்காரர் வாசலில் மனைவியிடம் பேசுவது கேட்டது.

"ஏம்மா, பாப்பா கை பரவால்லியா? அன்னிக்கே நான் எறங்கி வந்து கேட்டேன், அப்பாவ கூப்புடட்டுமான்னு. 'வேணாண்ணே, தூங்குறாரு'ன்னு வாயில வெரல வெச்சிக்கினு என்னிய அனுப்பிடுச்சு. எனக்கு மனசே கேக்கல. திரும்பி வரலாம்னு பாத்தா அதுக்குள்ள நாலு ஊரு தாண்டிட்டேன்."

நான் வாளிக்குள் செம்பை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். உடம்பைத் துவட்டிக்கொண்டு வெளியே வர எனக்கு ரொம்ப நேரம் ஆனது. மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"'இப்பதான் வுழுந்துட்டா'ன்னு போன்ல சொன்னீங்க."

நான் துண்டைக் கொடியில் போட்டேன்.

"மூணு மணி நேரத்துக்கு மேல எம் புள்ள ஒடஞ்ச கையோட உக்காந்தினு இருந்திருக்கா." குரலை உயர்த்தவில்லை. "கை ஒடஞ்சதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தம் போடாத, எழுப்பாதன்னு நானுந்தான் அவள மெரட்டி வெச்சேன். ஆனா டாக்டர் கேட்டப்போ அவ ஏன் பொய் சொன்னா? அத யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். மனைவி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட கூட சொல்லலியேடி, ஏன்?"

"சொன்னா நீ அப்பாவ திட்டுவ," என்றாள். "திட்டினா அப்பாவுக்குத் தூக்கம் வராது."

என் மனைவி அழுதாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று தலைவலி மாத்திரை கேட்டு கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் நைட் டியூட்டி பார்த்தவர். "தூக்கம் எப்படி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல் விழுந்த நாள், வெங்காய வண்டி, டாக்டரிடம் சொன்ன பொய். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "ராத்திரி எத்தன டீ குடிப்ப?" என்றார்.

"அஞ்சு, ஆறு. விடிய அஞ்சு மணி வரைக்கும்."

"ரெண்டு மணியோட நிறுத்து. அஞ்சு மணிக்குக் குடிச்ச டீ பத்து மணிக்கும் ஒடம்புல நின்னுனு இருக்கும்பா. வெயில் கண்ணுல படாம கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு போ. போனதும் லேசா சாப்ட்டு உடனே படு, போன் நோண்டாத. நடுவுல முழிப்பு வந்தா அதோட சண்ட போடாத. எழுந்துடு. பொண்ணுக்குச் சோறு போடு. அப்புறம் ஷிப்ட்டுக்கு வர்றதுக்கு முன்ன ஒரு தூக்கம் போடு." மாத்திரையை என் கையில் வைத்து, "வண்டியில கண்ணு சொருகினா ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கு. லேட்டா போறவனுக்காக வூட்டுல யாரும் அழ மாட்டாங்க," என்றார்.

ஷிப்ட் சுழற்சியே தலைகீழாக இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். காலை, மதியம், இரவு என்று போனால் உடம்பு ஓரளவு ஒத்துக்கொள்ளும், நாம் பின்னாலிருந்து முன்னால் இழுக்கிறோம் என்றார். நானும் இன்னும் நாலு பேரும் மேனேஜரிடம் போய்க் கேட்டோம். உடனே ஆகவில்லை. மூன்று மாதம் கழித்து, சும்மா பார்க்கலாம் என்று மாற்றினார். பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. எனக்குத் தூக்கம் கூடியது, எரிச்சல் குறைந்தது.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கமின்மையின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. என் பக்கத்து மெஷினில் நிற்பவரும் அதே ஷிப்ட்தான் பார்க்கிறார். அவர் பிள்ளையை அடித்ததில்லை. பிள்ளையைப் பொய் சொல்ல வைத்ததும் இல்லை.

கட்டுப் பிரித்த அன்று மகளிடம் சொன்னேன். "அப்பா அன்னிக்கு அடிச்சது தப்பு. டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் தப்பு. இனிமே எது ஆனாலும் என்ன எழுப்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவள் "சரிப்பா" என்றாள். எழுப்பவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல், நான் பக்கத்து அறையில் படுத்திருக்க, எது வேண்டுமென்றாலும் துணிக்கடைக்குப் போன் போட்டு அம்மாவிடம்தான் கேட்டாள். அந்தக் குசுகுசுப் பேச்சு சில நாள் எனக்குக் கேட்கும். எழுந்து போனால், "நான் எழுப்பிட்டேனா?" என்று பதறுவாள். அதனால் சில நாள் தூங்குவதுபோலவே படுத்திருந்தேன்.

இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கை சரியாகிவிட்டது. அழுத்தி ஊன்றினால் மட்டும் லேசாக வலிக்கும் என்கிறாள். போன மாதம், நைட் ஷிப்ட் வாரத்தில், பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாள். "ப்பா, ரொம்ப தலை வலிக்குது. ஜுரம் மாதிரி இருக்கு." எழுந்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. மாத்திரை கொடுத்து, கஞ்சி வைத்து, அவள் தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை இத்துடன் முடித்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கதவு தட்டப்பட்ட அந்த முதல் நொடியில் எனக்குள் சுருக்கென்று கோபம் எழுந்தது, பழைய கோபமேதான். கதவைத் திறப்பதற்குள் அதை முகத்திலிருந்து துடைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் பார்த்தாளா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.