உபதேசியார் வண்டியில் வெள்ளம்

அடுப்புத் தணலில் கிடக்கும் ஸ்பார்க் ப்ளக்கைக் குறடால் புரட்டிப்போட்டு, "இன்னுங் கொஞ்சம் பழுக்கட்டும்" என்கிறார் உபதேசியார் சுவக்கீன். மனைவி இன்பமேரிக்கு அடுப்பு வேண்டும். "கஞ்சி வைக்கணுமா வேண்டாமா? நெதமும் இந்த இரும்ப வறுத்துக்கிட்டே இருந்தா?" ப்ளக் பழுத்ததும் துணியில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார். ஆறுவதற்குள் வண்டியில் மாட்டியாக வேண்டும்.

கேரள மலையில் இருக்கும் வண்டன்மேட்டுக் குளிரில் எல்லா வண்டியும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போன இவருடைய பழைய மோட்டார் சைக்கிள் அதில் தனிப்பிறவி. மிதிக்கு ஒரு புனிதரைக் கூப்பிட்டு உதைப்பார். அந்தோனியாரில் தொடங்கிச் செபஸ்தியாருக்கு வரும்போது வண்டி ஒரு இருமல் இருமும், அவ்வளவுதான். பிறகு ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் சரிவில் உருட்டிக்கொண்டு போவார். சூடேறிவிட்டால் தங்கமான வண்டி. உபதேசியார் அதற்கு நேர்மாறு. அவர் சூடேறினால்தான் ஊருக்குத் தொல்லை.

சாமியார் எட்டிப் பார்க்க முடியாத எஸ்டேட்டுகளுக்கெல்லாம் இவர்தான் போவார். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஜெபம் சொல்லிக்கொடுப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். வாயைத் திறந்தால் பிரசங்கம்தான். தலைவலி வந்தால் "முள்முடி சூட்டிட்டாங்க" என்பார். இந்தப் பேச்சுதான் போன மாதம் அவரை மாட்டிவிட்டது.

ஒருநாள் கார்புரேட்டரில் பெட்ரோல் தளும்பி வழிந்ததைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் வந்து நின்று, "பெட்ரோலா அது? உள்ள ஒரே வெள்ளம்ல! நோவா பேழையே மிதக்கும்" என்று சொல்லிவைத்தார். தமிழில் அது பெருக்கு. பீப்பாயில் வைத்துப் பெட்ரோல் விற்கும் அவறாச்சனின் மலையாளக் காதில் அது தண்ணீர். "எந்தா? என்டெ பெட்ரோளில் வெள்ளமோ!" என்று மனிதர் துள்ளினார். பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கும் இந்த வருஷத்தில் கலப்படம் என்று பேச்சு வந்தாலே வியாபாரம் போச்சு. உபதேசியார் அர்த்தத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவரா சொல்வார்? "நாஞ் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அவறாச்சன் பெட்ரோலை நிறுத்திவிட்டார். "பள்ளியில் வச்சு, எல்லாரும் கேள்க்கெ மாப்பு பறயட்டெ. அதுவரெ ஒரு துள்ளி கொடுக்கில்லா." அதாவது, கோயிலில் ஊர் கேட்க மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரை ஒரு சொட்டும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் வேறு பெட்ரோல் கிடையாது. ஜெபம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நின்று மன்னிப்பா என்று உபதேசியார் பிடிவாதமாக இருந்தார். டாங்கின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். தூரத்து எஸ்டேட் ஒன்றில் சாவு விழுந்தபோது நடந்தே போனார். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்க, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவரை எப்போதும் கேலி செய்யும் எனக்கே பொறுக்கவில்லை.

கடைசியில் சாமியார் ஒரு வழி சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், வண்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோலுக்குப் பரிசோதனை. தண்ணீர் இல்லையென்றால் உபதேசியார் மன்னிப்புக் கேட்க வேண்டும். இருந்தால் அவறாச்சன் கடையைப் பற்றி ஊர் பேசிக்கொள்ளும். உபதேசியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, டீ கிளாஸில் கவிழ்த்தார். மேலே ஒரு படலமாகப் பெட்ரோல். அடியில் தெளிந்த தண்ணீர்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அவறாச்சன் முகம் செத்துப்போய்விட்டது. "ஞான் சேர்த்திட்டில்லா, கர்த்தாவாணெ" என்று சத்தியம் மட்டும் செய்தார். யாரும் காதில் வாங்கவில்லை. உபதேசியாருக்கே இது எதிர்பாராத வெற்றி. கிளாஸை உயர்த்திப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"அத யாரும் தரையில ஊத்திராதிய!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் இன்பமேரி. "அது தீர்த்தம். வேளாங்கண்ணித் தீர்த்தம். வண்டி கௌம்பட்டும்னு நாந்தான் நெதமும் ஒரு மூடி டாங்கில ஊத்துனேன். கௌம்பலன்னதும் ரெண்டு மூடியா ஊத்துனேன்."

"அத இத்தன நாளும் சொல்லாம இருந்தியே, ஏட்டி!" என்றார் உபதேசியார்.

"எல்லாரும் தண்ணி தண்ணின்னுதான பேசுனிய. தீர்த்தம் உண்டான்னு ஒருத்தராச்சும் கேட்டியளா?"

"ஹன்னான் வெள்ளமோ!" என்றார் அவறாச்சன். மலையாளக் கோயில்களில் தீர்த்தத்துக்கு அதுதான் பெயர். அவர் குரலில் உயிர் திரும்பியிருந்தது.

உபதேசியார் சொல்ல நினைத்த பிரசங்கம் எங்கோ போய்விட்டது. பிறகு கிளாஸில் விரலை விட்டு நனைத்து, பெட்ரோல் வாடையோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கிளாஸை இரண்டு கைகளாலும் ஏந்தி, ஊர் பார்க்கத் தலையைக் குனிந்து, அவறாச்சன் முன்னால் நீட்டினார்.