ஆகாயத்தாமரை மேடு

நான் தூண்டில் போடுகிறவள். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில் கேட்கவே வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் காலையிலேயே ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள், "இன்னைக்குமா மேடம்?" என்பார்கள். "முதல் ஆராதனையே முடிச்சாச்சு, நீங்கதான் லேட்டு" என்பேன். அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

கரையில் எங்களுக்கு ஆளுக்கோர் இடம் உண்டு. பட்டா மட்டும்தான் இல்லை. என்னுடையது மதகை ஒட்டிய கருங்கல். அடுத்த இடம் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவருடையது. என்னை அக்கா என்பார். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் தண்ணீர்மேல் கொதிக்கிற மாதிரி தெரியும், அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டிலைக் காட்டினாலே போதும், சிக்கிவிடும். அதனாலேயே நாங்கள் யாரும் போடமாட்டோம். மீறிப் போட்டவனை அந்த சீசன் முழுக்கச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டோம்.

சுற்றிலும் வீடுகள் பெருகின. சாக்கடை ஏரிக்குத் திரும்பியது, பின்னாலேயே ஆகாயத்தாமரை வந்து பாதி ஏரியை மூடிவிட்டது. மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளந்தன. பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் ஆள் இல்லை என்றார்கள்.

"நம்ம மீன நாமதான்க்கா பாத்துக்கணும். வேற எவன் வரப்போறான்?" என்றார் ஃபிட்டர்.

அப்புறம் ஞாயிறுதோறும் தூண்டிலை ஓரமாக வைத்துவிட்டு இந்த வேலைதான். ஆண்கள் லாரி ட்யூபில் மிதந்து போய் அரிவாளால் அறுத்துக் கயிறு கட்டுவார்கள். நான் கரையிலிருந்து இழுக்கிற கோஷ்டி. ஒரே நாற்றம், உடம்பெல்லாம் அரிப்பு. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் உள்ளங்கை எரியும். ஆனாலும் திறந்த தண்ணீரில் ஒரு மீன் துள்ளுவதைப் பார்க்கும்போது இருக்கிற சந்தோஷம் சொல்லி முடியாது.

இழுத்ததை எங்கே போடுவது? அதில்தான் சண்டை வந்தது. தன் இடத்துக்குப் பக்கத்தில் போட ஒருவரும் விடவில்லை. நான் மட்டும் விட்டேனா என்ன? கடைசியில் தெற்கு மூலைக்குப் போனது. அங்கே முழங்கால் ஆழம்கூடக் கிடையாது, வெறும் கோரைப்புல். எவரும் தூண்டில் போடாத இடம். எல்லோரும் உடனே தலையாட்டினோம். மீன் எங்கே கடிக்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. விரால் குஞ்சுகளைப் பார்த்து நாங்கள் வருஷாவருஷம் ஒதுங்கிப் போனது அதே மூலையில்தான் என்பது மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போட்டது காய்ந்து அமுங்கியது. அதன்மேல் மறுபடி போட்டோம். சில கோடைகளில் அது நடந்து போகிற தரையாகிவிட்டது. ஒருநாள் பார்த்தால் அதன்மேல் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு. அடுத்த மாதம் மனைக்கற்கள். ஃபிட்டரும் நானும் லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம்.

"ஏரின்னா தண்ணி இருக்கணும்மா. அங்க மேடுதானே இருக்கு?" என்றார் ஓர் அதிகாரி.

வெளியே வந்து பஸ் ஏறினோம்.

வீடுகள் வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம், விடாமல் கொட்டித் தீர்த்தது. ஏரி எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் ஃபிட்டரும் தெற்குப் பக்கமாக வந்தோம். மேட்டின் கடைசி வீட்டில் முழங்கால் தண்ணீர். வாசலில் நின்ற பெண் எங்கள் கையில் தூண்டிலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, கேட்டுக்கு உள்ள செவப்பா ஏதோ கொதிக்குது. கூட ஒரு பெரிய மீன், கால வச்சா கடிக்க வருது. புடிச்சிட்டுப் போங்களேன்."

எட்டிப் பார்த்தேன். விரால், குஞ்சுகளோடு. அவள் கணவர் தண்ணீரை இறைக்க வாடகை மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாள் மோட்டார் போடாம இருக்க முடியுமாம்மா?" என்றேன். கேட்கும்போதே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

"பசங்க கட்டில விட்டு எறங்கலக்கா. அடுப்பே அது மேலதான் இருக்கு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கெட்டியான எடம்னு சொல்லித்தான் வித்தாங்க. இங்க மீன் புடிக்கிறவங்களே சேந்து மேடாக்கின எடமாம். அவங்களுக்குத் தெரியாத தண்ணியா, உள்ள வரவே வராதுன்னாங்க."

அந்த நிமிஷம் பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

ஃபிட்டர் அவளிடம் ஒரு பக்கெட் கேட்டார். என் புடவைத் தலைப்பை வலையாகப் பிடித்துக் குஞ்சுகளை வாரினோம். பெரிய விரால் பக்கெட்டை முட்டி முட்டிக் கடித்தது. கைக்கு அகப்படவில்லை.

"இத்த வுட்டுட்டுப் போனா குஞ்சு பொழைக்காதுக்கா," என்றார். என்னைப் பார்க்காமலே தூண்டிலை எடுத்தார். எங்களில் ஒருவரும் செய்யாத காரியம். முள் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், பாய்ந்து கவ்வியது.

எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் தூக்கிக்கொண்டு மதகுப் பக்கம் வந்தோம். எங்களுக்குத் தெரிந்த நல்ல தண்ணீர் அதுதான். கவிழ்த்ததும், உதடு கிழிந்த விரால் ஒரே உதறலில் ஆழத்துக்குள் போய்விட்டது. குஞ்சுகள் மட்டும் என் கருங்கல்லின் ஓரத்தில் சிவப்பாகச் சுழன்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவற்றைத் தின்ன ஜிலேபிக் கெண்டைகள் வந்து சூழ்ந்தன.

"வாக்கா, போலாம்," என்றார் ஃபிட்டர்.

நான் கல்லில் உட்கார்ந்து உள்ளங்கையால் தண்ணீரை அடித்துக் கெண்டைகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.